மிதித்தாலும் விடாது, விட்டாலும் பிடிக்காது: பழைய மைனரின் கிளச் பற்றி ஒரு பதில்

உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பா வைத்திருந்த 1959ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் 1000 இப்போது உங்கள் கையில் இருக்கிறது. பெடலைத் தரைவரை மிதித்தாலும் றிவேர்ஸ் கியர் கரகரவென்று அரைத்துக்கொண்டுதான் விழுகிறது. கராஜில் ஒருவர் கீழே படுத்து ஒரு நட்டை இறுக்கித் தந்தார். இரண்டு கிழமை நல்லாக ஓடியது, பிறகு பழைய கதை. இன்னொருமுறை இறுக்கினார்கள். இப்போது றிவேர்ஸ் கரகரப்பும் போகவில்லை, அதோடு ரொப் கியரில் அக்சிலேற்றரை மிதித்தால் எஞ்சின் இரைகிறது, கார் இழுக்கவில்லை. எஞ்சினின் சுழற்சியைப் பிடித்துக் கியர்பெட்டிக்குக் கொடுக்கும் கிளச் பிளேற் போய்விட்டது, கியர்பெட்டியை இறக்கவேண்டும் என்று கராஜில் சொல்கிறார்கள். நட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பார்க்கலாமா என்று நீங்கள் கேட்கிறீர்கள்.

இறுக்க வேண்டாம். அது மட்டும் இப்போதே சொல்லக்கூடிய விஷயம். மற்றதற்கு, பிளேற்றா நட்டா என்று கேட்பதை ஒரு பக்கம் வைத்துவிட்டு வேறொன்றைக் கேட்க வேண்டும். உங்கள் கால் பெடலில் கொடுக்கிற அசைவு வழியில் எங்கே தொலைகிறது? அது தெரிந்தால் கியர்பெட்டியை இறக்குவதா இல்லையா என்பது தானாகவே தெரிந்துவிடும்.

நான் யாழ்ப்பாணத்தில் முப்பது வருடத்துக்கு மேல் சின்னக் கராஜ் ஒன்று வைத்திருந்தவன். மைனரும் ஒஸ்ரினும்தான் எங்கள் சோறு. ஆனால் உங்கள் காரை நான் கண்ணால் காணவில்லை. காணாமலே சொல்லக்கூடியது எது, கீழே படுத்துப் பார்த்தால்தான் சொல்லக்கூடியது எது என்று பிரித்தே எழுதுகிறேன்.

மைனரில் கிளச்சுக்கு ஒயிலும் இல்லை, வயரும் இல்லை. எல்லாம் இரும்பு. பெடல் தரைக்குக் கீழே போய் ஒரு தண்டில் சுழல்கிறது. அதன் கீழ்முனையிலிருந்து ஒரு கம்பி குறுக்குத் தண்டு ஒன்றுக்குப் போகிறது. றிலே சாஃப்ற் என்று கராஜில் சொல்வது அதைத்தான். அந்தத் தண்டின் ஒரு முனை காரின் உடம்போடு சேர்ந்த சட்டத்தில் ஒரு புஷ்ஷில், அதாவது தண்டு சுழலும் உறையில், இருக்கிறது, மற்ற முனை எஞ்சின் பக்கத்தில் உருண்டையான இன்னொரு புஷ்ஷில் இருக்கிறது. தண்டில் இரண்டு கை. ஒரு கையைப் பெடல் கம்பி இழுக்கும்போது தண்டு திரும்பும், மற்றக் கை கிளச் ஃபோர்க்கை அசைக்கும். ஃபோர்க் உள்ளே ஒரு போல்ற்றில் சுழன்று, காபன் வளையம் ஒன்றைக் கிளச்சின் மீது அழுத்தும். இந்தக் காரில் உருளும் பெயாரிங் கிடையாது. காபன் கட்டி ஒன்று இரும்பில் உரசித்தான் வேலை செய்கிறது. இணைப்புக் கம்பியின் மரை வெட்டிய முனையில் சரிசெய்யும் நட்டும், அதைப் பூட்டும் இன்னொரு நட்டும் இருக்கும். உங்கள் கராஜ்காரர் இறுக்கியது அந்த முதல் நட்டை.

இதில் எத்தனை மூட்டு என்று எண்ணிப் பாருங்கள். பெடல் தண்டு, கம்பியின் இரண்டு முனை, குறுக்குத் தண்டின் இரண்டு புஷ், ஃபோர்க்குக்குப் போகும் கம்பியின் முனைகள், ஃபோர்க்கின் சுழல் போல்ற், காபன் வளையத்தைப் பிடித்திருக்கும் கிளிப். அறுபது வருடத்துக்கு மேல் ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்திருக்கும். ஒரு மூட்டைத் தனியாகப் பிடித்து ஆட்டினால், பரவாயில்லை, கொஞ்சம்தானே என்று தோன்றும். எல்லாம் சேரும்போது பெடலின் பாதி ஓட்டத்தை அவையே தின்றுவிடும்.

இனி நிச்சயமான விஷயம் ஒன்று. இதை ஆறுதலாக வாசியுங்கள், கராஜில் பேரம் பேசும்போது உதவும். பெடலை விரலால் அமத்தும்போது கனம் வருவதற்கு முன் சும்மா போகிற தூரத்தை ‘பிளே’ என்கிறோம். கிளச் பிளேற்றின் லைனிங், அதாவது அதில் உராய்ந்து பிடிக்கும் பட்டை, தேயத் தேய இந்தப் பிளே குறையும். லைனிங் மெலிந்தால், பிளேற்றை அமத்திப் பிடிக்கும் பிறஷர் பிளேற், எஞ்சினோடு சுழலும் பிளைவீல் பக்கம் நகர்கிறது, அதைத் தூக்கும் விரல்களின் உள்முனை எதிர்ப்பக்கமாக, காபன் வளையத்தை நோக்கி வருகிறது, இடைவெளி சுருங்குகிறது. ஆனால் மூட்டுகளை இணைக்கும் பின்களும் புஷ்களும் காபனும் தேய்ந்தால் பிளே கூடும். இரண்டும் எதிரெதிர்த் திசை. லைனிங் தேய்ந்த காருக்கு நட்டைத் தளர்த்த வேண்டிவரும், இணைப்பு தேய்ந்த காருக்குத்தான் நட்டை இறுக்க வேண்டிவரும்.

உங்கள் காரில் என்ன நடந்தது? இறுக்கினார்கள், சரிவந்தது, இரண்டு கிழமையில் திரும்பப் பழுதானது. லைனிங் தேய்மானம் அந்தத் திசையில் போகவே போகாது. ஆகவே முதல் பழுது, அதாவது கரகரப்பு, பிளேற் தேய்ந்ததால் வந்ததல்ல. இதை உறுதியாகச் சொல்வேன். அதோடு, சாதாரணமாகத் தேய்கிற ஒரு மூட்டுப் பின், இரண்டே கிழமையில் இவ்வளவு தேயாது. ஒன்றில் பூட்டு நட்டு சரியாக இறுக்கப்படாமல் சரிசெய்யும் நட்டு தானாகக் கழன்றிருக்க வேண்டும், அல்லது ஏதோ ஒன்று வெடித்துக்கொண்டோ வளைந்துகொண்டோ இருக்கவேண்டும், அல்லது உள்ளே காபன் உடைந்து கொட்டுகிறது. மூன்றில் எது என்று இங்கிருந்து சொல்ல முடியாது.

இப்போது இரண்டு பழுதும் சேர்ந்து வந்திருப்பதுதான் எனக்குச் சந்தேகத்தைத் தருகிறது. மிதித்தால் கிளச் முழுக்க விடவில்லை, காலை எடுத்தால் முழுக்கப் பிடிக்கவில்லை. வெறும் தளர்வு என்றால் இப்படி வரக்கூடாது. தளர்வை நட்டு விழுங்கிவிடும். ஆட்டம் கண்ட ஆறு மூட்டு இருந்தாலும், நட்டை இறுக்கினால் அந்த ஆட்டமெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றுவிடும், கார் ஓடும். நட்டு விழுங்காத ஒன்று வளைவு. பாரம் வரும்போது மட்டும் வளைந்து, பாரம் எடுத்ததும் பழைய இடத்துக்கு வருகிற உறுப்பு ஏதாவது இருந்தால், நீங்கள் எவ்வளவு இறுக்கினாலும் மிதிக்கும்போது அசைவு அதிலேயே தொலையும். ஆனால் மிதிக்காமல் இருக்கும்போது, இறுக்கிய இறுக்கம் காபனைக் கிளச்சின் மேல் எந்நேரமும் அமத்திக்கொண்டே இருக்கும். அதனால் கிளச் வழுக்கும். வழுக்கி வழுக்கி லைனிங் சூடேறிக் கண்ணாடி மாதிரி மினுங்கத் தொடங்கும். அதற்குப் பிறகு பிளேற் போய்விட்டது என்று கராஜ்காரர் சொன்னால் அது உண்மையாகவே ஆகிவிடும். அதனால்தான் முதலிலேயே இறுக்கவேண்டாம் என்றேன்.

சரி, வேலைக்கு வருவோம். காரைச் சமதரையில் நிறுத்தி முன்சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். கீழே படுப்பதென்றால் சரியான இரும்புத் தாங்கியில்தான் நிற்கவேண்டும். சீமெந்துக் கல்லை அடுக்கி அதன்மேல் காரை வைத்துவிட்டுப் படுக்கும் பழக்கம் எங்கள் ஊரில் இன்னும் இருக்கிறது. அந்தக் கல் வெடிப்பதற்கு முன் சத்தம் போடாது. பெடலுக்குப் பக்கத்தில் ஒரு மரச்சட்டத்தைத் தரையில் ஊன்றி, பெடல் சும்மா நிற்கும் இடத்தில் சோக்கால் ஒரு கோடு போடுங்கள். பிறகு விரலால் அமத்துங்கள். காலால் வேண்டாம், காலுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. முதலில் திரும்ப இழுக்கும் ஸ்பிரிங்கின் மெல்லிய இழுவை மட்டும் இருக்கும், பிறகு சட்டென்று சுவரில் முட்டியது போல் கனம் வரும். அந்த இடத்தில் அடுத்த கோடு. இரண்டுக்கும் இடையில்தான் பிளே. உங்கள் காரில் அநேகமாக அது இல்லாமலே இருக்கும். பூட்டு நட்டைத் தளர்த்தி, சரிசெய்யும் நட்டைப் பின்னோக்கிச் சுற்றி, ஓர் அங்குலத்திலிருந்து ஒன்றரை அங்குலம்வரை பிளே வரும்படி வையுங்கள். நான் மைனருக்கு வைத்து வந்த அளவு அது. மரை துருப்பிடித்திருந்தால் முதல்நாள் இரவே ஒயில் விட்டு ஊறவைப்பது நல்லது. நட்டு எத்தனை சுற்று வந்தது என்று எழுதி வையுங்கள்.

இந்த அளவோடு கார் றிவேர்ஸில் முன்னையதைவிட மோசமாகக் கரகரக்கும். பரவாயில்லை. இப்போது பார்க்க வேண்டியது வழுக்கலை. யாழ்ப்பாணத்தில் மலை இல்லையே என்று யோசிக்க வேண்டாம். வெறிச்சோடிய நேராய்ப் போகும் றோட்டில் நாலாம் கியரில் மணிக்கு 50 கிலோமீற்றர் அளவில் ஓடும்போது அக்சிலேற்றரை முழுதாக மிதியுங்கள். எஞ்சின் சத்தமும் காரின் வேகமும் சேர்ந்தே ஏறினால் பிளேற் பிடிக்கிறது. சத்தம் தனியாக ஓடினால் வழுக்குகிறது. பிளே சரியாக இருந்தும் வழுக்கினால், நீங்கள் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் கியர்பெட்டி இறங்கத்தான் வேண்டும். வெளியில் எந்த நட்டும் அதைத் திருத்தாது.

அந்த முடிவுக்குப் போகுமுன் இன்னொன்றையும் பாருங்கள். கிளச் இருக்கும் கூட்டின் அடிப்பக்கத்தில் சின்ன ஓட்டை ஒன்றும், அதில் சும்மா தொங்கிக்கொண்டிருக்கும் ஸ்பிளிற் பின், அதாவது இரண்டாக மடித்த கம்பிப் பின், ஒன்றும் இருக்கும். ஏதோ கழன்று தொங்குகிறது என்று நினைத்து அதைப் பிடுங்கி எறிந்தவர்களையும் கண்டிருக்கிறேன். கார் ஆட அந்தப் பின்னும் ஆடி, ஓட்டை அடைபடாமல் பார்த்துக்கொள்ளும், உள்ளே கசியும் ஒயில் அதன்வழியே வெளியே சொட்டும். இந்த எஞ்சினின் பின்பக்கத்தில் இப்போதைய கார்களில் இருப்பது போன்ற றப்பர் சீல் இல்லை. சுழலும் தண்டில் வெட்டிய திருகு வரிதான் ஒயிலைத் திருப்பி அனுப்புகிறது. பிஸ்ரன் றிங்ஸ் தேய்ந்து எஞ்சினுக்குள் காற்றழுத்தம் கூடினால் அந்த வரியைத் தாண்டி ஒயில் கிளச் பக்கம் வந்துவிடும். 1990களில் பெற்றோல் வராத காலத்தில் காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெயில் ஓட்டிய கார்கள் இவை. எரியாத மண்ணெண்ணெய் றிங்ஸைத் தாண்டி இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணீராக்கியது. அந்தக் காலத்தைக் கண்ட எஞ்சின் என்றால் கசிவு இருப்பது அதிசயமில்லை. ஸ்பிளிற் பின்னின் நுனியில் ஒயில் துளி தொங்கினால், அல்லது ஓட்டை அழுக்கால் அடைத்திருந்து குத்தியதும் ஒயில் வடிந்தால், வழுக்கலுக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் சொல்கிறேன். ஒயில் சொட்டியும் வழுக்காமல் வருடக்கணக்கில் ஓடிய மைனரும் உண்டு.

வழுக்கல் நின்றுவிட்டது என்று வையுங்கள். எனக்கு அதில்தான் நம்பிக்கை. இனி கரகரப்பு. முதலில் அது உண்மையிலேயே கிளச்சின் பிழையா என்று பார்க்கவேண்டும். றிவேர்ஸுக்கு மட்டுமல்ல, இந்தக் காரின் முதல் கியருக்கும் சிங்க்ரோ, அதாவது கியர் விழுமுன் வேகத்தைச் சமப்படுத்தும் அமைப்பு, கிடையாது. கார் ஊர்ந்துகொண்டிருக்கும்போது முதல் கியர் போட்டால் கரகரக்கத்தான் செய்யும். அப்பாவுக்கு அது தெரிந்திருக்கும், நிறுத்திவிட்டுத்தான் போட்டிருப்பார். கார் நிற்கும்போது, எஞ்சின் மெதுவாக ஓட, பெடலை முழுதாக மிதித்து மனதுக்குள் பத்து எண்ணிவிட்டு றிவேர்ஸ் போடுங்கள். பத்து எண்ணிய பிறகும் அரைத்தால் கிளச் விடவில்லை என்பது உறுதி.

எவ்வளவு விடவில்லை என்பதை எஞ்சினை நிறுத்தியே பார்க்க ஒரு வழி இருக்கிறது. பின்சில்லு ஒன்றை மட்டும் ஜக்கில் தூக்கி, அச்சுக்குக் கீழே தாங்கி வைத்து, கியரை நாலில் போடுங்கள். மைனரில் கைபிறேக் பின்சில்லுகளையே பிடிக்கும் என்பதால் அதை இறக்கிவிட வேண்டும், ஆகவே முன்சில்லுக் கட்டைகள்தான் உங்கள் உயிர். வீட்டில் ஒருவரைப் பெடலை மிதித்துப் பிடிக்கச் சொல்லி, தூக்கிய சில்லைக் கையால் சுற்றுங்கள். கிளச் விட்டிருந்தால் சில்லு இலேசாகச் சுற்றும். விடவில்லை என்றால் எஞ்சினின் அமுக்கம் உங்கள் கையைத் தடுக்கும். இப்போது சோதனைக்காக மட்டும் சரிசெய்யும் நட்டைக் கால் சுற்று கால் சுற்றாக இறுக்கி, ஒவ்வொரு முறையும் மிதித்துப் பிடிக்கச் சொல்லிச் சில்லைச் சுற்றிப் பாருங்கள். சில்லு விடுபடும்போது, ஃபோர்க்கின் வெளிமுனை எங்கே நிற்கிறது என்று கூட்டில் சோக்கால் குறியுங்கள். கிளச் விடுவதற்கு ஃபோர்க் போகவேண்டிய இடம் அது. பிறகு நட்டைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து, திரும்ப மிதிக்கச் சொன்னால், ஃபோர்க் அந்தக் கோட்டுக்கு எவ்வளவு குறைவாக நிற்கிறது என்று கண்ணால் காணலாம். குறை தெரிந்தால் பழுது வெளியே இருக்கும் இணைப்பில். ஃபோர்க் நன்றாகத் தூரம் போயும், நட்டை எவ்வளவு இறுக்கியும் சில்லு விடவில்லை என்றால் பழுது உள்ளே.

வெளியே என்றால் தேடுவது எளிது, ஆனால் ஆள் வேண்டும். ஒருவர் பெடலை மெதுவாக, ஊஞ்சல் மாதிரி, மிதித்து மிதித்து விடட்டும். நீங்கள் கீழே படுத்து ஒவ்வொரு மூட்டிலும் விரலை வையுங்கள். பெருவிரல் ஒரு உறுப்பிலும் சுட்டுவிரல் அடுத்த உறுப்பிலும் இருக்கவேண்டும். ஒன்று நகரத் தொடங்கி மற்றது நகராமல் நிற்கும் அந்தக் கணத்தை விரல் உடனே சொல்லிவிடும், கண்ணுக்குத் தெரியாத அரை மில்லிமீற்றரும் விரலுக்குத் தெரியும். ஆனால் கம்பிக்கும் கைக்கும் இடையில் விரலை நசிய விடாதீர்கள். ஃபோர்க்கிலிருந்து தொடங்கிப் பெடலை நோக்கி வாருங்கள். காரணம் இருக்கிறது. பெடல் பத்துப் பங்கு நகர்ந்தால் காபன் ஒரு பங்கு நகர்கிறது என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். ஃபோர்க்கின் உள்முனையில் ஒரு மில்லிமீற்றர் தேய்மானம் பெடலில் பத்து மில்லிமீற்றரைத் தின்கிறது. அதே ஒரு மில்லிமீற்றர் பெடல் பாதத்துக்குக் கிட்ட இருந்தால் ஒரு மில்லிமீற்றர்தான். பெடல் கிடுகிடுவென்று ஆடுவது காருக்குள் இருப்பவருக்கு எரிச்சல் தரும், அதனால் எல்லாரும் முதலில் அதைத் திருத்துவார்கள். கிளச்சுக்கு அது அவ்வளவு முக்கியமில்லை.

பெடலை மிதிக்கும்போது கியர் தடியின் குமிழைப் பாருங்கள். அது தலையாட்டினால் கியர்பெட்டியும் எஞ்சினும் தங்கள் றப்பர் தாங்கிகளில் நகர்கின்றன. குறுக்குத் தண்டின் ஒரு கால் காரின் உடம்பிலும் மறு கால் எஞ்சினிலும் நிற்பதால், எஞ்சின் நகர்ந்தால் அந்த அளவு அசைவு வீண். ஒயிலில் ஊறி மெழுகாகிப்போன றப்பர் தாங்கிகள் இப்படிச் செய்யும். காரை எடுக்கும்போது குதிரை மாதிரி உதறினாலும் முதலில் அவற்றைத்தான் பார்ப்பேன்.

வளைவைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, எனக்கு அதைப் படிப்பித்த கார் ஒன்றைப் பற்றிச் சொல்கிறேன். உங்கள் கதைதான் அங்கும்: இறுக்கினால் வழுக்கும், தளர்த்தினால் கரகரக்கும். வேறொரு கராஜில் புதுப் பிளேற்றும் போட்டிருந்தார்கள், மாற்றம் இல்லை. பின்களெல்லாம் புதிது. விரல் வைத்துப் பார்த்தால் ஒரு மூட்டிலும் ஆட்டம் இல்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கடைசியில் குறுக்குத் தண்டின் இரண்டு கைகளிலும் சோக்கால் நேர்கோடு போட்டு, மிதிக்கச் சொல்லிப் பார்த்தேன். பெடல் பக்கக் கை திரும்பியது, ஃபோர்க் பக்கக் கை கொஞ்சம் பிந்தித்தான் திரும்பியது. தண்டே முறுகுகிறது. கழற்றித் துடைத்தால், உதிரிப்பாகம் வராத காலத்தில் யாரோ தண்ணீர்க் குழாய்த் துண்டு ஒன்றை இடையில் வைத்து வெல்ட் பண்ணியிருந்தார்கள். வேலை வடிவாகத்தான் இருந்தது, அந்த நேரத்தில் அவருக்கு வேறு வழியும் இருந்திருக்காது. வெல்டின் ஓரத்தில் மயிரிழை அளவு செம்மண் நிறக் கோடு தெரிந்தது. அந்த இடத்தில் மண்ணெண்ணெய் தடவி ஐந்து நிமிடம் விட்டு, உலரத் துடைத்து, சோக்குத் தூளைப் பூசினேன். வெடிப்புக்குள் போயிருந்த மண்ணெண்ணெய் திரும்ப ஊறி வந்து, வெள்ளைத் தூளில் தண்டைச் சுற்றிப் பாதிக்கு மேல் ஒரு ஈரக்கோட்டை வரைந்தது. அந்தக் காரின் பழுது அவ்வளவுதான். உங்கள் காரிலும் இதே பழுது என்று சொல்ல வரவில்லை. ஆனால் சோக்குக் கோடு போட்டுப் பார்க்க ஐந்து சதமும் செலவில்லை.

தண்டு நல்லதென்றால் அது நிற்கும் சட்டத்தைப் பாருங்கள். மைனருக்குத் தனி சசி கிடையாது, உடம்போடு சேர்ந்த பெட்டிச் சட்டம்தான். துரு உள்ளிருந்து தின்னும், வெளியே பெயின்ற் நன்றாக இருக்கும். மிதிக்கும்போது குறுக்குத் தண்டின் பிடிமானம் தகட்டோடு சேர்ந்து மூச்சு விடுவது போல் உள்ளே வெளியே போனால், திருகாணிமுனையால் அந்த இடத்தைக் குத்திப் பாருங்கள். உள்ளே போனால் கிளச்சை மறந்துவிட்டு முதலில் தகட்டு வேலை செய்விக்க வேண்டும். பிறேக் மாஸ்ரர் சிலிண்டரும் சாரதியின் காலடியில் அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. கிளச் விடாவிட்டால் கியர்தான் கரகரக்கும். பிறேக்கின் பிடிமானம் விட்டால் கதை வேறு.

தேய்ந்த மூட்டுகளைத் திருத்துவதில் ஒரு பிழையை எல்லாரும் விடுகிறார்கள். பின் தேய்ந்தால் அதனிடத்தில் கைக்கு அகப்பட்ட போல்ற்றைப் போடுவது. இது அங்குலக் கணக்குக் கார். 5/16 அங்குலம் என்பது 7.94 மில்லிமீற்றர், ஆகவே 8 மில்லிமீற்றர் போல்ற் தட்டினால் போய்விடும், பொருந்துகிற மாதிரியும் இருக்கும். ஆனால் அதன் மரை விழுந்த பகுதி ஓட்டைக்குள் நின்றால் அது போல்ற் இல்லை, வட்ட அரம். ஒவ்வொரு மிதிக்கும் ஓட்டையை ராவிக்கொண்டே இருக்கும். இரண்டு கிழமையில் தளர்வது என்று நீங்கள் எழுதியதைப் பார்த்ததும் எனக்கு இதுவும் ஞாபகம் வந்தது. பின் என்றால் மழமழவென்று இருக்கும் சரியான கிளெவிஸ் பின் போடவேண்டும், நுனியில் புது ஸ்பிளிற் பின் வேண்டும். ஓட்டை முட்டை வடிவமாகிவிட்டால் புதுப் பின் மட்டும் போட்டுப் பயனில்லை. லேத் பட்டறையில் ஓட்டையை வெல்ட் பண்ணி நிரப்பித் திரும்பத் துளைக்கலாம், அல்லது பெரிதாக்கி ஒரு புஷ் போடலாம். எனக்குப் புஷ்தான் பிடிக்கும், அடுத்தமுறை புஷ்ஷை மட்டும் மாற்றினால் காணும். குறுக்குத் தண்டின் புஷ்களும் பின்களும் இங்கிலாந்தில் இன்னமும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். ஒரு காலத்தில் இலங்கையிலேயே மைனருக்கு உதிரிப்பாகங்கள் செய்து இங்கிலாந்துக்கு அனுப்பியதும் உண்டு. கழற்றும்போது ஒவ்வொரு உறுப்பையும் கைத்தொலைபேசியில் படம் எடுத்து வையுங்கள், வாஷர்கள் எந்தப் பக்கம் இருந்தன என்பது ஒருவருக்கும் ஞாபகம் இருக்காது.

கிறீஸ் பூசலாம், ஆனால் மெல்லியதாக. எங்கள் மணல் றோட்டில் அப்பி வைத்த கிறீஸ் ஒரு மாதத்தில் சாணைக்கல் ஆகிவிடும்.

பழுது உள்ளே என்று வந்தால், அங்கே நான் ஊகம்தான் சொல்ல முடியும். ஃபோர்க்கின் வெளிமுனையைப் பிடித்து மேலும் கீழுமாக ஆட்டுங்கள். நிறைய ஆடினால் உள்ளே சுழல் போல்ற்றும் அதன் புஷ்ஷும் தேய்ந்திருக்கின்றன. மிதிக்கும்போது மட்டும் இரும்பு இரும்பில் உரசும் கீச்சல் வந்தால் காபன் முடிந்து அதன் உலோகக் கிண்ணம் உரசுகிறது. பெடலில் காலை வைத்தபடியே ஓட்டும் பழக்கம் காபனைக் கெதியாகத் தின்றுவிடும். இரண்டு முறை பிளே இல்லாமல் இறுக்கி ஓட்டியதும் அதே வேலையைத்தான் செய்திருக்கும். கார் நீண்ட காலம் ஓடாமல் நின்றதா என்று நீங்கள் எழுதவில்லை. மழைக்காலத்தில் மாதக்கணக்காக நின்றிருந்தால் பிளேற் தன் தண்டின் பற்களில் துருவால் இறுகிப்போய் நகராமல் இருக்கலாம். அப்போது ஃபோர்க் எவ்வளவு தூரம் போனாலும் கிளச் விடாது. எதுவானாலும் காருக்குள்ளிருந்து கியர்பெட்டி மூடியைக் கழற்றிப் பெட்டியை எடுக்கும் நாள் வந்தால், பிளேற்றோடு காபனையும் ஃபோர்க் புஷ்ஷையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள். அந்த வேலையில் பெரும் செலவு கூலிதான், இரண்டாம் தரம் அதைக் கொடுக்கத் தேவையில்லை.

எல்லாம் முடிந்து பிளேயைச் சரியாக வைத்தபின், சரிசெய்யும் நட்டை ஒரு சாவியால் அசையாமல் பிடித்துக்கொண்டு, பூட்டு நட்டை இன்னொரு சாவியால் அதற்கெதிராக இறுக்குங்கள். ஒற்றைச் சாவியால் இறுக்கினால் இரண்டும் சேர்ந்து சுற்றும், நீங்கள் வைத்த அளவு போய்விடும். பிறகு இரண்டு நட்டிலும் கம்பியிலும் படும்படி வெள்ளைப் பெயின்ற்றால் ஒரே கோடு இழுத்துவிடுங்கள். காங்கேசன்துறைவரை ஒருமுறை போய்வந்து, எஞ்சின் ஆறியதும் திரும்பக் கீழே படுத்துப் பாருங்கள். கோடு உடைந்திருந்தால் நட்டுத்தான் கழல்கிறது. கோடு நேராகவே இருந்து பிளே மட்டும் கூடியிருந்தால், வெடித்த உறுப்பு ஒன்று இன்னும் அங்கே இருக்கிறது. அப்படியென்றால் சோக்குக் கோடு போட்ட படங்களோடு எழுதுங்கள், பார்ப்போம்.